பச்சைத் தண்ணீர் பாய்கிறது, வெந்நீர் மட்டும் நூலாக வருகிறதா? பம்ப் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள்

எங்கள் வீட்டு பாத்ரூமில் பச்சைத் தண்ணீரைத் திறந்தால் ஒரு நிமிடத்தில் வாளி நிறையும். பக்கத்துக் குமிழைத் திருப்பினால் வெந்நீர் நூல் மாதிரி வரும். "வாளி நிறையறதுக்குள்ள போட்ட காபி ஆறிப்போகுது" என்று அம்மா தினமும் சொல்லவே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளம்பரைக் கூப்பிட்டேன். அவர் கீசரை அண்ணாந்து பார்த்தார், ஷவரைத் தட்டிப் பார்த்தார், "பிரஷர் பத்தல சார், ஒரு பூஸ்டர் பம்ப் போட்டுடுங்க" என்றார். நானும் வாங்கிவிட்டேன். அது இன்னும் பெட்டி பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. ஏனென்றால் மாட்டுவதற்கு முதல் நாள் ராத்திரி ஒரு சந்தேகம் வந்தது: இரண்டு தண்ணீரும் ஒரே மொட்டை மாடி டேங்கிலிருந்துதானே இறங்குகிறது, பச்சைத் தண்ணீருக்கு இருக்கிற பிரஷர் வெந்நீருக்கு மட்டும் எங்கே போனது?

போகவில்லை. வழியில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. அதைத் தேடிய வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன். மேல்நிலைத் தொட்டி, பாத்ரூமுக்கு ஒரு கீசர், சுவரில் ஒரு மிக்ஸர் (இரண்டு தண்ணீரையும் கலந்து தரும் குழாய்) என்று நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் அமைப்பை மனதில் வைத்துப் படியுங்கள்.

வாளியும் கடிகாரமும்

"கம்மியா வருது" என்பதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது, எண் வேண்டும். ஒரு வாளியில் 10 லிட்டருக்குக் கோடு போட்டுக்கொள்ளுங்கள் (ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றினால் ஆயிற்று). மிக்ஸரின் கீழ்க் குழாயில் பச்சைத் தண்ணீரை மட்டும் முழுதாகத் திறந்து எத்தனை விநாடியில் கோட்டைத் தொடுகிறது என்று ஃபோனில் பாருங்கள். பிறகு அதை மூடிவிட்டு வெந்நீரை மட்டும் திறந்து அதே மாதிரி. எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் 55 விநாடி, வெந்நீர் 3 நிமிடம் 20 விநாடி.

இந்த இரண்டு எண்களே பாதி வேலையை முடித்துவிடும். இரண்டுமே மெதுவாக இருந்தால் சிக்கல் கீசரில் இல்லை, மாடியில் இருக்கிறது. வெந்நீர் மட்டும் மெதுவாக இருந்தால் கீசருக்குப் பிரியும் இடத்திலிருந்து மிக்ஸர் வரைக்குமான அந்தச் சில அடி நீளத்துக்குள்தான் அடைப்பு இருக்கிறது. கீழ்க் குழாயில் இரண்டும் நன்றாக வந்து ஷவரில் மட்டும் அழுகிறது என்றால், ஷவர் தலையைக் கழற்றி ஊற வைப்பதோடு வேலை முடிந்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வியையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: டேங்க் கழுவியது எப்போது? டேங்கை வழித்துக் கழுவிய மறுநாளே வெந்நீர் நின்றுபோன வீடுகள் ஏராளம். அடியில் கிடந்த சேறு கலங்கிக் குழாய்க்குள் இறங்கியிருக்கும், இல்லையென்றால் காலியான குழாயில் காற்று புகுந்திருக்கும்.

இரண்டுமே மெதுவாக வந்தால்

மாடிக்குப் போய் டேங்கிலிருந்து இறங்கும் வால்வைப் பாருங்கள். பழைய வீடுகளில் அது சக்கரம் வைத்த பித்தளை கேட் வால்வாக இருக்கும். இந்த வால்வில் உள்ளே இருக்கும் தகடு சில வருடங்களில் தண்டிலிருந்து கழன்று பாதி வழியில் விழுந்துவிடும், நீங்கள் மேலே சக்கரத்தை எத்தனை சுற்று சுற்றினாலும் அது சும்மா சுற்றும், திறந்த மாதிரியே தெரியும். அதை எடுத்துவிட்டு அதே அளவில் கைப்பிடி வைத்த பால் வால்வு போடுங்கள். கையோடு டேங்க் வாயிலிருக்கும் நிப்பிளுக்குள்ளும் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள்.

அதுவும் சரியாக இருந்தால் உயரக் கணக்குக்கு வரவேண்டியதுதான். டேங்கில் நிற்கும் தண்ணீர் மட்டத்திலிருந்து குழாய் வாய் வரைக்கும் 10 மீட்டர் உயரம் இருந்தால் சுமார் 1 பார் பிரஷர், 1 மீட்டருக்கு 0.1 பார். நான்கு மாடிக் கட்டடத்தில் தரைத்தளத்துக்காரருக்கு 1 பாருக்கு மேல் கிடைக்கும்போது, அதே கட்டடத்தில் மேல் மாடியில் இருப்பவருக்கு 0.2 பார்கூடத் தேறாமல் போகலாம். மேல் மாடியில் குடியிருந்துகொண்டு கடையில் பளபளவென்று தொங்கும் தட்டு அளவு மழை ஷவரை வாங்கி மாட்டினால் அது மழையாகப் பெய்யாது, சொட்டும். குறைந்த பிரஷருக்கென்று இருக்கும் சின்ன ஷவர் போதும்.

வெந்நீர் மட்டும் ஏன் அடைத்துக்கொள்கிறது

போர் தண்ணீர் உபயோகிக்கும் வீடுகளில் இது கிட்டத்தட்ட நிச்சயம் நடக்கும். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கால்சியம் கார்பனேட்டாக மாறி, கரையாமல் ஒட்டிக்கொள்ளும். அதாவது சுண்ணாம்பு. பச்சைத் தண்ணீர்க் குழாய் பத்து வருடம் சுத்தமாக இருக்க, பக்கத்திலேயே ஓடும் வெந்நீர்க் குழாய் மூன்று வருடத்தில் உள்ளே வெள்ளைக் காரை பூசிக்கொண்டு நிற்பதற்கு இதுதான் காரணம். கீசர் சூடாகும்போது பாத்திரத்தில் கொதிக்கிற மாதிரி கடமுடவென்று சத்தம் கேட்டால் எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) மேல் சுண்ணாம்பு கட்டியாகப் படிந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டிகள் செதில் செதிலாக உதிர்ந்து, எங்கே வழி குறுகலாக இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு மூட்டாகக் கழற்றி அளப்பது

அடைப்பு எங்கே என்று யூகிக்க வேண்டாம். தண்ணீர் வரும் திசையிலேயே போய், ஒவ்வொரு மூட்டிலும் அதே வாளியை வைத்து அளந்துகொண்டே வந்தால், எந்த மூட்டைத் தாண்டியதும் நேரம் எகிறுகிறதோ அதற்கு முந்தைய சாமான்தான் குற்றவாளி.

ஆரம்பிக்கும் முன் மின்சாரம். கீசரின் சுவிட்சை அணைத்தால் போதாது, மின் போர்டில் அதற்கான எம்.சி.பி.யையே (அந்த லைனை முழுதாகத் துண்டிக்கும் பிரேக்கர்) கீழே இறக்குங்கள், வீட்டில் யாராவது பழக்கதோஷத்தில் சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வருவது பச்சைத் தண்ணீராக ஆகும்வரை ஓட விடுங்கள். மெதுவாக வருகிற குழாய் என்பதால் நேரம் எடுக்கும், ஆனால் 60 டிகிரித் தண்ணீர் முகத்தில் கொட்டுவதைவிடப் பொறுமையாக இருக்கலாம்.

கீசருக்குக் கீழே சுவரில் இரண்டு ஆங்கிள் காக் (ஹோஸ் கிளம்பும் இடத்தில் திருகி மூடும் சின்ன வால்வு) இருக்கும். நீல வளையம் இருக்கும் பக்கம் பச்சைத் தண்ணீர் உள்ளே போவது, சிவப்பு வெந்நீர் வெளியே வருவது. நீலப் பக்க ஆங்கிள் காக்கை மூடி, மிக்ஸரில் வெந்நீரை ஒரு தடவை திறந்து பிரஷரை விட்டு, திரும்ப மூடிவிடுங்கள். இப்போது,

முதல் அளவு: நீலப் பக்க ஹோஸை கீசர் முனையில் கழற்றி, வாளிக்குள் திருப்பி, ஆங்கிள் காக்கைத் திறந்து நேரம் பாருங்கள். இது பச்சைத் தண்ணீர் நேரத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆங்கிள் காக்கோ ஹோஸோ அடைத்திருக்கிறது. சில ஆங்கிள் காக்குகளுக்குள் சின்ன ஜல்லடை இருக்கும், அதைப் பலர் வருடக்கணக்கில் பார்த்ததே இல்லை.

இரண்டாவது: ஆங்கிள் காக்கை மூடி, ஹோஸை மறுபடி மாட்டிவிட்டு, சிவப்புப் பக்க ஹோஸைக் கீசர் முனையில் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் 15 லிட்டரும் தலையில் கொட்டிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். வெந்நீர் வெளியேறும் குழாய் கீசருக்குள் மேல்மட்டம் வரைக்கும் நிமிர்ந்து நிற்கிறது, அதனால் கொஞ்சம்தான் சிந்தும். வாளியைக் கீழே பிடித்துக்கொண்டு நீல ஆங்கிள் காக்கைத் திறந்தால் அந்த முனை வழியாகத் தண்ணீர் கொட்டும். இங்கே நேரம் ஏறினால் அடைப்பு கீசரின் வாயில் இருக்கும் சேஃப்டி வால்விலோ கீசருக்குள்ளேயோ இருக்கிறது.

மூன்றாவது: சிவப்பு ஹோஸை கீசரில் மாட்டி, சுவர்ப் பக்க முனையைக் கழற்றி அளங்கள். நான்காவதுக்கு அதைச் சுவரில் மாட்டிவிட்டு மிக்ஸரில் அளங்கள், அது உங்களிடம் ஏற்கனவே இருக்கிறது.

எங்கள் வீட்டில் முதல் அளவு 57 விநாடி, இரண்டாவது 1 நிமிடம் 10. மூன்றாவது, சிவப்பு ஹோஸைத் தாண்டியதும், 3 நிமிடம் 5 விநாடி. ஒன்றரை அடி ஹோஸ். வெளியே எஃகுப் பின்னல் புதுசு மாதிரி மினுமினுத்தது, பிளம்பர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆக்ஸா பிளேடால் அறுத்துப் பிரித்தேன். உள்ளே இருந்த ரப்பர்க் குழாய் சூட்டில் உப்பி, மடங்கி, ஒரு பால்பாயிண்ட் பேனாவின் ரீஃபிள் அளவுக்குத்தான் நடுவே ஓட்டை இருந்தது. விரலில் கருப்பாக ஒட்டியது. கொஞ்ச நாளாக வாளியில் கருப்புத் துணுக்குகள் மிதந்ததற்கும் அப்போதுதான் காரணம் தெரிந்தது.

சில நூறு ரூபாய்க்குப் புது ஹோஸ். வெந்நீருக்கு என்று குறிப்பிட்டுக் கேட்டு வாங்குங்கள். ரெண்டும் ஒண்ணுதான் என்று வெள்ளை பிளாஸ்டிக் ஹோஸை நீட்டினால் வாங்கிவிடாதீர்கள், அது சூட்டில் இளகும். முனைக்குள் கண் வைத்துப் பார்த்து, ஓட்டை பெரிதாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வெளியளவு ஒன்றாக இருக்கும், உள்ளளவில்தான் ஏமாற்று வேலை.

சேஃப்டி வால்வில் கை வைக்கும் முன்

இரண்டாவது அளவில் நேரம் எகிறியவர்களுக்கு இது. கீசரின் நீலப் பக்க வாயில் ஒரு பித்தளை வால்வு திருகியிருக்கும். அது இரண்டு வேலை செய்கிறது: தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும், உள்ளே பிரஷர் ஏறினால் கொஞ்சம் கசியவிட்டு இறக்கும். உள்ளே ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன மூடி இருப்பதால் அதில் சுண்ணாம்பு சேர்ந்தால் வழி சுருங்கும். பிரஷர் குறைந்த மேல் மாடி வீடுகளில் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளுவதற்கே பாதி பிரஷர் செலவாகிவிடும்.

அதனால் சில பிளம்பர்கள் அதைக் கழற்றி வீசிவிட்டு நேரடியாக ஹோஸை மாட்டிவிடுவார்கள். தண்ணீர் கொட்டும், நீங்களும் சந்தோஷமாகக் காசு கொடுப்பீர்கள். இதை ஒருபோதும் செய்ய விடாதீர்கள். 25 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் 300 மில்லிக்கு மேல் விரியும், அது போக ஒரு வழி வேண்டும். தவிர டேங்க் காலியானால் கீசர் தண்ணீரும் பின்னோக்கி வடிந்து எலிமென்ட் வெறுமனே எரியும். இன்னும் மோசமானது, அந்த வால்வின் ஓரத்து ஓட்டையிலிருந்து சொட்டுகிறதே என்று எம்-சீல் வைத்து அடைப்பது. சூடாகும்போது ஓரிரு சொட்டு விழுவது அதன் வேலை. நாள் முழுக்க ஒழுகினால் வால்வை மாற்ற வேண்டும், அடைக்கக் கூடாது.

புது வால்வு வாங்கும்போது கீசரின் பெயர்ப் பலகையில் எத்தனை பார் என்று போட்டிருக்கிறதோ (6.5 அல்லது 8 என்று இருக்கும்) அதைத் தாண்டாததாக வாங்கி, அம்புக்குறி கீசரை நோக்கி இருக்கும்படி டெஃப்ளான் டேப் சுற்றித் திருகுங்கள். இதைக் கழற்றும்போது மட்டும் கீசர் தண்ணீர் முழுக்கக் கீழே வரும், அதற்கு வாளிகள் தயாராக இருக்கட்டும்.

வால்வு சுத்தமாக இருந்தும் இரண்டாவது அளவு மோசமாக இருந்தால் கீசரைத் திறந்து சுண்ணாம்பை எடுக்க வேண்டும். அடி மூடியைக் கழற்றி, எலிமென்ட்டை வெளியே எடுத்துச் சுரண்டி, உள்ளே தேங்கியிருப்பதை வழித்துப் போட்டு, கேஸ்கெட் மாற்றி மூடும் வேலை. வயர் இணைப்புகளும் எர்த்தும் இருப்பதால் கம்பெனி சர்வீஸ் ஆளை விட்டுச் செய்யச் சொல்வேன். அவர் வரும்போது மக்னீசியத் தண்டையும் காட்டச் சொல்லுங்கள், தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னைத்தானே கரைத்துக்கொள்ளும் தண்டு அது. பென்சில் போல் மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கீசருக்குள் ஊற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், சுண்ணாம்போடு தொட்டியையும் அது தின்றுவிடும்.

மூன்று அளவும் நன்றாக இருந்து மிக்ஸரில் மட்டும் படுத்தால்

சுவரில் மிக்ஸரை மாட்டியிருக்கும் இரண்டு பெரிய நட்டுகளைத் துணி சுற்றிய ஸ்பானரால் (நேரடியாகப் பிடித்தால் குரோமில் கீறல் விழும்) கழற்றினால் உள்ளே வாஷரோடு ஜல்லடை இருக்கும். வெந்நீர்ப் பக்கத்து ஜல்லடையில் முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்ட மாதிரி வெள்ளைச் செதில் நிரம்பிக் கிடந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கழுவி மாட்டுங்கள், தூக்கி எறிந்துவிடாதீர்கள், அது இல்லையென்றால் அடுத்த செதில் நேராகக் குமிழுக்குள் இருக்கும் பீங்கான் கார்ட்ரிட்ஜில் போய்ச் சிக்கும். திறந்தவுடன் நன்றாக வந்து, சூடு ஏற ஏற மெலிந்துகொண்டே போகிறது என்றால் அது பழைய குமிழ்களில் இருக்கும் ரப்பர் வாஷர் உப்புவதால். வாஷரை மாற்றினால் போதும்.

சுவருக்குள் ஓடும் குழாயில் செதிலோ காற்றோ மாட்டியிருப்பதாகச் சந்தேகம் வந்தால், பச்சைத் தண்ணீரைப் பின்னோக்கி விட்டுத் தள்ளலாம். எம்.சி.பி. இறங்கியே இருக்கட்டும், நீல ஆங்கிள் காக் மூடியிருக்கட்டும், சிவப்பு ஹோஸைக் கீசர் முனையில் கழற்றி வாளியில் போட்டுவிட்டு, ஷவர் பக்கம் போகாதபடி குமிழை வைத்து, மிக்ஸர் வாயை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு இரண்டு குமிழ்களையும் முழுதாகத் திறங்கள். பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் எதிர்த் திசையில் ஏறி வாளிக்குள் கொட்டும். முதலில் இருமல் மாதிரி காற்று வரும், அப்புறம் கலங்கல், அப்புறம் தெளிவு. மிக்ஸரிலேயே திரும்பிப் போகாத வால்வு இருந்தால் இந்த வித்தை நடக்காது.

இதற்கும் மசியவில்லை என்றால் குழாயே சின்னது. அரை இன்ச் சி.பி.வி.சி. (வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயின் உள்விட்டம் 12 மி.மீ. சொச்சம், முக்கால் இன்ச் என்றால் 18 மி.மீ., வழி இரண்டு மடங்குக்கும் மேல். பாத்ரூமை இடித்துப் புதுப்பிக்கும் நாளில் கீசருக்குப் போவதையும் வருவதையும் முக்கால் இன்ச்சில் போடச் சொல்லுங்கள். அதற்காகவே டைல்ஸை உடைக்கத் தேவையில்லை.

மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர்காரர்களுக்கு

உங்களுக்கு இருப்பது பிரஷர் பிரச்சினையே இல்லாமல் இருக்கலாம். 3 கிலோவாட் எலிமென்ட் 27 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்குச் சுட வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 3.3 லிட்டர்தான் முடியும். அதற்கு மேல் திறந்தால் வெதுவெதுப்பாக வரும், அதனால் நீங்களே குழாயைக் குறைக்கிறீர்கள். என்ன பம்ப் வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஷவரில் குளிக்க வேண்டுமென்றால் 15 லிட்டர் கீசருக்கு மாறுங்கள்.

சரி, பம்ப் யாருக்குத்தான்?

அடைப்பு எதுவும் இல்லை, பச்சைத் தண்ணீர் நேரமும் வெந்நீர் நேரமும் அருகருகே வருகின்றன, ஆனால் இரண்டுமே மந்தம், டேங்க்கும் தலைக்கு மேலேயே இருக்கிறது என்பவர்களுக்கு. டேங்கை உயர்த்தலாம்தான், ஆனால் 1 மீட்டர் ஏற்றினால் 0.1 பார்தான் கூடும், 1,000 லிட்டர் என்பது ஒரு டன் எடை, அதைத் தூண் மேல் வராத இடத்தில் செங்கல் அடுக்கி வைப்பது வம்பு.

பம்ப்பை மாடியில், டேங்கை விட்டு வெளியே வரும் பொதுக் குழாயில் மாட்ட வேண்டும். பச்சைத் தண்ணீருக்கு மட்டும் மாட்டினால் மிக்ஸருக்குள் அது வெந்நீரை அமுக்கிப் பின்னால் தள்ளிவிடும், இப்போது இருப்பதைவிட மோசமாகும். பெரும்பாலான வீட்டு பூஸ்டர்கள் 1 முதல் 2 பார் தரும். அது கீசருக்குத் தாங்கும், ஆனால் துருப்பிடித்த பழைய ஜி.ஐ. (இரும்பு) குழாய் தாங்குமா என்று பாருங்கள். வாங்கும்போது எப்படி ஸ்டார்ட் ஆகும் என்று கேளுங்கள். தண்ணீர் ஓட்டத்தைப் பார்த்து ஓடும் வகைக்கு ஆரம்பத்தில் ஓரளவு ஓட்டம் வேண்டும், ஷவரில் சொட்டுகிற வீட்டில் அது எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கலாம். பிரஷரைப் பார்த்து ஓடும் வகை, வீட்டில் ஒரு குழாய் சொட்டினாலும் ராத்திரி முழுக்க டக் டக் என்று எழுந்து எழுந்து படுக்கும். டேங்க் காலியானால் தானாக நிற்கும் வசதி கட்டாயம் வேண்டும்.

ஷவர் தலை பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். ஒரு லிட்டர் வெந்நீரில் மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் இரண்டு மூன்று ஸ்பூன் கரைத்து, ஷவர் தலையையும் குழாய் வாயில் இருக்கும் ஜல்லடையையும் ஒரு மணி நேரம் ஊற வைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும். ராத்திரி முழுக்கப் போட்டு வைத்தால் முலாம் மங்கும்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு உடனே எம்.சி.பி.யைத் தூக்காதீர்கள். நீல ஆங்கிள் காக்கைத் திறந்து, மிக்ஸரில் வெந்நீரைத் திறந்துவிட்டு, காற்று துப்பி முடிந்து தண்ணீர் இடைவிடாமல் வருகிற வரை நில்லுங்கள், அப்போதுதான் கீசர் நிரம்பியிருக்கும். மூட்டுகளைச் சுற்றி டிஷ்யூ பேப்பரை வைத்துப் பாருங்கள், ஈரம் இல்லையென்றால் சுவிட்சைப் போடலாம். தெர்மோஸ்டாட்டை 75-ல் வைத்திருந்தால் 55 பக்கம் இறக்குங்கள், 60-ஐத் தாண்டினால் சுண்ணாம்பு வேகமாகப் படியும்.

ஹோஸ் மாற்றியதும் எங்கள் வீட்டில் வெந்நீர் 1 நிமிடம் 20 விநாடிக்கு வந்தது. அதைத் தேதியோடு கீசரின் பக்கவாட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் மறுபடி அளந்தேன், 1 நிமிடம் 35. மிக்ஸர் ஜல்லடையைக் கழற்றுவதற்கு இந்த ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கியிருக்கிறேன்.